60 நாள் கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நாலு வரியில் சுருக்கிக்கொள்கிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். நங்கநல்லூரிலிருந்து எச்-1பி வேலை விசாவில் நியூஜெர்சி எடிசனுக்கு வந்து 3 மாதம் ஆகிறது. ஆபீஸில் பக்கத்து டீமைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மனைவி சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறார், அடுத்த மாதம் எச்-4இல் (எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான விசா) வருவதாக ஏற்பாடு. மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு மாதாமாதம் இஎம்ஐ போகிறது. இந்த நேரத்தில் காரும் வீட்டுச் சாமானும் வாங்கலாமா, மளிகைச் செலவை எப்படிப் பிடிப்பது, இரண்டு பெட்டி புத்தகத்தை மனைவியோடு வரவழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி, ராத்திரியெல்லாம் லேஆஃப் செய்தியே படித்துக்கொண்டிருப்பதாக.

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. மனைவி ராஜினாமா கொடுத்துவிட்டாரா? இல்லையென்றால் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். எச்-4இல் வருபவர் இங்கே வேலை பார்க்க முடியாது. உங்களுக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனுவுக்கு ஒப்புதல்) கிடைத்த பிறகுதான் அவர் வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும், வந்து 3 மாதமே ஆனவருக்கு அது வெகுதூரம். சென்னையில் வரும் அந்தச் சம்பளம்தான் இன்றைக்கு உங்கள் குடும்பத்தின் நிஜமான இன்ஷூரன்ஸ். சம்பளமில்லா விடுப்பில் 2, 3 மாதம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். ஓஎம்ஆர் கம்பெனிகள் பலவற்றில் நோட்டீஸ் காலமே 90 நாள், வேலை போனால் உங்களுக்கு இங்கே கிடைக்கும் அவகாசமோ 60. அவர் நோட்டீஸ் முடித்து வந்து சேர்வதற்குள் உங்கள் கதை மாறிவிடலாம். "இங்கிருந்தபடியே லேப்டாப்பில் சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதையும் அனுமதியில்லாத வேலை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. தொட வேண்டாம்.

அந்த 60 நாளுக்கு வருகிறேன். 2017 ஜனவரியில் அமலுக்கு வந்த விதி இது. எச்-1பிகாரருக்கு வேலை போனால் 60 நாள் வரை, அல்லது ஐ-94இல் (எதுவரை தங்கலாம் என்று சொல்லும் நுழைவுப் பதிவு) உள்ள தேதி வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை நாட்டில் இருக்கலாம். இந்த "எது முன்னால்" என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால், விமான நிலையத்தில் அதிகாரி ஐ-94ஐ பாஸ்போர்ட் தேதியோடு வெட்டிவிடுவது சகஜம். ஐ-797இல் (மனு ஏற்கப்பட்டதாக வரும் அறிவிப்பு) மூன்று வருடம் என்று இருப்பதைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம், ஐ-94 அதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்திருக்கும். இன்றே அமெரிக்க அரசின் ஐ-94 தளத்தில் உங்கள் பதிவை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஊர் போய்த் திரும்பும்போதும் பாருங்கள்.

60 என்பது காகிதத்தில்தான் 60. பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். புதிய கம்பெனியின் மனு அறுபதாவது நாளுக்குள் குடியேற்றத் துறையின் கையில் போய்ச் சேர வேண்டும் (அனுமதி வர வேண்டியதில்லை, போய்ச் சேர்ந்தாலே போதும், ரசீது நாளிலிருந்து வேலையில் சேரலாம்). அதற்கு முன்னால் தொழிலாளர் துறையில் எல்சிஏ (சம்பளம், பணியிடம் பற்றிய கம்பெனியின் உறுதிமொழிக்கு ஒப்புதல்) வாங்க வேண்டும், அதற்கு 7 வேலை நாள். வக்கீல் காகிதம் திரட்ட ஒரு வாரம். ஆக, ஆஃபர் லெட்டர் நாற்பதாவது நாளில் கையில் இருந்தாக வேண்டும். இன்டர்வியூ சுற்றுகளுக்கே 3, 4 வாரம் என்றால், வேலை தேட உங்களுக்குக் கிடைப்பது முதல் 10, 15 நாள்தான். அந்தப் பத்து நாளை ரெஸ்யூமே எழுதுவதில் கரைக்கக்கூடாது. அதை இப்போதே, வேலை இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கணக்கு தொடங்குவது வேலை பார்த்துச் சம்பளம் பெற்ற கடைசி நாளிலிருந்து. வேலையை விட்டு அனுப்பும்போது மொத்தமாகத் தரும் செவரன்ஸ் தொகை அந்த நாளைத் தள்ளிப்போடாது. அதனால் அந்த நாள் வந்து ஹெச்ஆர் காகிதம் நீட்டினால், உடனே கையெழுத்துப் போடாமல் ஒன்றைக் கேளுங்கள்: தொகையை மொத்தமாகத் தராமல் அத்தனை வாரம் சம்பளப் பட்டியலிலேயே வைத்திருக்க முடியுமா? அதை 60 நாளில் எப்படி எண்ணுவார்கள் என்பதை மட்டும் வக்கீலிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். நியூஜெர்சியில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, 50 பேரையோ அதற்கு மேலோ ஒரேயடியாக அனுப்பினால், 2023 ஏப்ரல் முதல் 90 நாள் முன்னறிவிப்பும், வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளமும் தந்தாக வேண்டும். 3 மாதக்காரருக்குச் சம்பளத்தில் இதனால் லாபமில்லை, முன்னறிவிப்பில் இருக்கிறது.

கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால் இன்னொன்று. பிராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்காரவைத்துச் சம்பளத்தை நிறுத்தக்கூடாது, எச்-1பிகாரருக்கு அது சட்டப்படி தந்தாக வேண்டிய சம்பளம். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, பிராஜெக்ட் வந்ததும் பே ஸ்டப் போட்டுடறோம்" என்பவரை நம்பி 2 மாதம் போக்கினால், அடுத்த மனு போடும்போது பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) இல்லாத அந்த இடைவெளிதான் கேள்வியாக வந்து நிற்கும். காலத்துக்கு முன்பே உங்களை நீக்கினால், ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவைத் தருவதும் கம்பெனியின் பொறுப்பே. கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

"வேலை போனால் சென்னைக்கு வந்துவிட்டு, புதுக் கம்பெனி மனு போட்டதும் திரும்பலாம்" என்ற பழைய வழி இப்போது குறுகிவிட்டது. நாட்டுக்கு வெளியே, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் இருப்பவருக்காக 2025 செப்டம்பர் 21 முதல் போடப்படும் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று பிரகடனம் வந்தது. பாஸ்போர்ட்டில் உங்கள் விசா முத்திரை எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட் போடுமுன் வக்கீலிடம் அரை மணி நேரம் பேசுவது டிக்கெட்டைவிட மலிவு.

காகிதங்கள். எல்லா ஐ-797, எல்சிஏ, ஆஃபர் லெட்டர், ஒவ்வொரு பே ஸ்டப், டிகிரி, மார்க் ஷீட்: இவற்றின் பிரதி உங்கள் சொந்த மெயிலில் இருக்க வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம், வேலையை விட்டு அனுப்பும் நாளில் அது சில நிமிடத்தில் பூட்டிவிடும். மனைவி சென்னையில் இருக்கும்போதே ஒரு வேலை: உங்கள் பழைய கம்பெனிகளிடம் அனுபவக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். "இன்னார் இத்தனை வருடம் பணிபுரிந்தார்" என்ற ஒரு வரி போதாது. என்னென்ன வேலை, எந்தத் தொழில்நுட்பம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். பிற்பாடு கிரீன் கார்டுக்கு இதைத்தான் கேட்பார்கள். அதற்குள் அந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

இனி நீங்கள் கேட்டதற்கு. இங்கே புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறார்கள். காபியைப் பெருக்கிப் பார்த்துக் குடிக்காமல் இருப்பார்கள், அடுத்த வாரமே 5 வருடக் கடனில் புதுக் கார் எடுப்பார்கள். உங்கள் நிலையில் விலையைவிட முக்கியமான கேள்வி, "இதை 60 நாளில் கைகழுவ முடியுமா?" என்பது. முடியுமென்றால் தாராளமாக வாங்குங்கள்.

கார்: புதுக் கார், லீஸ் இரண்டும் வேண்டாம். லீஸை நடுவில் முறித்தால் அபராதம் கடுமை. கைக்காசில் வாங்கிய பழைய டொயோட்டாவோ ஹோண்டாவோ ஒரு வாரத்தில் விற்றுவிடலாம், பழைய கார் வாங்கும் பெரிய சங்கிலிக் கடைகளில் அன்றைக்கே விலை எழுதித் தருவார்கள். அதுகூட இல்லாமல் மெட்ரோபார்க் ரயில் நிலையத்துக்கு நடை தூரத்தில் வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டில், சோபா, மேஜை எல்லாம் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில், அல்லது இதே குடியிருப்பைக் காலிசெய்து போகும் தமிழ்க் குடும்பத்திடம். மெத்தையை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய மெத்தையில் மூட்டைப்பூச்சி வந்தால் வீட்டையே மருந்தடிக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவில் மூன்று மெத்தை வாங்கலாம்.

வீட்டு லீஸ் 12 மாதத்துக்குப் போட்டிருப்பீர்கள். நடுவில் போக வேண்டி வந்தால் மிச்ச மாத வாடகை முழுவதும் தலையில் விழும் என்று பயப்படுகிறார்கள். நியூஜெர்சியில் வீட்டுக்காரர் வேறு ஆள் பிடிக்க நியாயமான முயற்சி செய்தாக வேண்டும், ஆள் வரும்வரைதான் உங்கள் பொறுப்பு. இது நீதிமன்றம் 1977லேயே சொன்னது. டெபாசிட் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, காலிசெய்த 30 நாளில் கணக்குக் காட்டித் திருப்ப வேண்டும். குடிபோன அன்றே சுவர், கார்ப்பெட், அடுப்பு எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்துவைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த சனிக்கிழமை எடுங்கள்.

மளிகைக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அலமாரி விளிம்பில் ஒட்டிய சீட்டில் பெரிய எழுத்தில் விலை, மூலையில் சின்ன எழுத்தில் யூனிட் விலை. அந்தச் சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டும். துவரம்பருப்பு 2 பவுண்டு 5 டாலர், 4 பவுண்டு 9 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பவுண்டுக்கு 2.50, 2.25. பெரிய பையில் லாபம் தெரிகிறது. ஆனால் ஒரு சீட்டு பவுண்டுக்கும் பக்கத்துச் சீட்டு அவுன்ஸுக்கும் விலை போட்டிருக்கும், கண் ஏமாந்துவிடும். பவுண்டுக்கு 16 அவுன்ஸ், நம் கணக்கில் 454 கிராம். தள்ளுபடிச் சீட்டு மேலே ஒட்டியிருந்தால் அடியில் பழைய யூனிட் விலையே இருக்கலாம், போனில் வகுத்துப் பாருங்கள்.

அரிசி 20 பவுண்டு மூட்டை ஏறக்குறைய 9 கிலோ. இருவருக்கு நாளுக்கு 300 கிராம் என்றால் சரியாக ஒரு மாதம். அதனால் ஒரு மூட்டைக்கு மேல் வீட்டில் வேண்டாம், எத்தனை மலிவானாலும். பருப்பு 4 பவுண்டு பையை வாங்கினால் வந்ததும் 4 நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு டப்பாவில் கொட்டுங்கள், ஜூலை புழுக்கத்தில் வண்டு வராது. பெரிய அளவில் விற்கும் காஸ்ட்கோ கடையில் உறுப்பினர் கட்டணம் வருடத்துக்கு 65 டாலர். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் முழுசாகத் திருப்பித் தந்துவிடுவார்கள், அதனால் நம் 60 நாள் பரீட்சையில் அது பாஸ். இருவர் குடும்பத்துக்குப் பால், முட்டை, எண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றுக்கு மட்டுமே அங்கே லாபம். காய்கறி அங்கே வாங்கினால் பாதி அழுகும். காய்க்கு ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகள் இருக்கின்றன, சாதாரணப் பொருளுக்கு ஆல்டி. ஆல்டியில் தள்ளுவண்டிக்கு 25 சென்ட் நாணயம் செருக வேண்டும், வண்டியைத் திருப்பி விட்டால் நாணயம் வந்துவிடும். 2022 மே முதல் நியூஜெர்சிப் பெரிய மளிகைக் கடைகளில் பிளாஸ்டிக் பையும் கிடையாது, காகிதப் பையும் கிடையாது. மனைவியிடம் வீட்டில் சேர்ந்து கிடக்கும் மஞ்சப்பைகளை எடுத்துவரச் சொல்லுங்கள், கனமே இல்லை.

"பெஸ்ட் பை" தேதி தாண்டியதும் தூக்கிப் போடாதீர்கள். அது சுவை, தரம் பற்றிய கணிப்பு, கெட்டுப்போகும் தேதியில்லை. நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், விலைச்சீட்டில் சேர்ந்திருக்காது, பில்லில்தான் வரும். சமைக்காத உணவுப் பொருளுக்கும் உடைக்கும் வரி கிடையாது. சூடாகத் தயாரித்துத் தருவதற்கு உண்டு. எந்தப் பில்லையும் 90 நாள் வரை எறியாதீர்கள், பொருளைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அது வேண்டும்.

இட்லி மாவு. கடையில் வாங்கும் டப்பா மாவுச் செலவுதான் தமிழ் வீட்டில் ஓசையில்லாமல் ஏறும் செலவு. 4 கப் இட்லி அரிசி, 1 கப் முழு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். இருவருக்கு நாலைந்து நாள் ஓடும். அரைப்பதில் சிக்கல் இல்லை, பொங்குவதில்தான். எடிசன் ஜனவரியில் சமையலறை மேடையில் வைத்த மாவு மறுநாள் மாலையும் அப்படியே கிடக்கும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்து மூடுங்கள். அந்த பல்பின் சூடு போதும், 12 மணி நேரத்தில் எழும்பும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஓவன் கதவில் "மாவு உள்ளே" என்று ஒரு சீட்டும் ஒட்டுங்கள். யாராவது பீட்சாவுக்காக 400 டிகிரி போட்டால் மாவோடு மூடியும் போகும்.

கிரைண்டரை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம். நம்மூர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கே 120, 60. மின்மாற்றி வைத்து வோல்டேஜைச் சரிசெய்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது, கல் வேகமாக ஓடும், மோட்டார் சூடாகும். மிக்ஸி வாங்குவதாக இருந்தால் 110 வோல்ட் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். குக்கர் கேஸ்கெட் இரண்டும் ஒரு வெயிட்டும் மறக்காமல் வரட்டும், உங்கள் மாடலுக்கு இங்கே தேடி அலைய வேண்டியிருக்கும். கறிவேப்பிலை, அரிசி, பருப்பு பெட்டியில் வேண்டாம். கறிவேப்பிலையோடு எலுமிச்சை இனத்தை அழிக்கும் பூச்சி வருகிறது என்று சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

பணம். கையிருப்பை "இத்தனை லட்சம்" என்று எண்ணாதீர்கள். இதை எழுதிக் கூட்டுங்கள்: இங்கே 3 மாத வாடகையும் சாப்பாடும், இருவருக்குக் கடைசி நேரச் சென்னை டிக்கெட், மேடவாக்கம் இஎம்ஐ 6 மாதம். இந்தத் தொகை சேரும்வரை எந்தக் கூடுதல் முதலீடும் வேண்டாம், கம்பெனி பங்களிப்புக்குத் தேவையான அளவு 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு) மட்டும் விதிவிலக்கு. அதை அவசரப் பணமாக நினைக்காதீர்கள், 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 10 சதவீத அபராதம். இஎம்ஐ பங்கைச் சென்னையில் என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான) சேமிப்புக் கணக்கில் வையுங்கள். என்ஆர்இ வைப்புநிதியை ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றும்போது இஎம்ஐ ஆணையும் சரியாக மாறியதா என்று பாருங்கள். ஒரு தவணை திரும்பினாலும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். 2026 முதல் ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து ஊருக்கு அனுப்பினால் 1 சதவீத வரி. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம். வேலை போனால் கோப்ரா என்ற சட்டத்தின் வழியாக அதே காப்பீட்டைத் தொடரலாம், முழு பிரீமியமும் நம் தலையில், அதிகபட்சம் 102 சதவீதம். ஆனால் சேரலாமா என்று முடிவெடுக்க 60 நாள் உண்டு, சேர்ந்தால் பழைய தேதியிலிருந்தே செல்லும். ஆகவே முதல் நாளே கட்ட வேண்டியதில்லை. அந்த 60 நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அப்போது சேர்ந்து பின்தேதியிட்டுக் கட்டலாம். தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

பொருளாதார மந்தம் எப்போது முடியும் என்று செய்திகளில் தேடாதீர்கள். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை, அதை அறிவிக்கும் என்பிஇஆர் அமைப்பு உறுதிசெய்தது 2008 டிசம்பரில். 2009 ஜூனில் அது முடிந்த பிறகும் வேலையின்மை ஏறி, அக்டோபரில்தான் 10 சதவீத உச்சத்தைத் தொட்டது. உங்கள் மேனேஜர் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டாரா, கிளையன்ட் அடுத்த வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரா என்பது அந்தத் தலைப்புச் செய்திகளைவிட முந்தித் தெரியும். நியூஜெர்சித் தொழிலாளர் துறை லேஆஃப் முன்னறிவிப்புகளைப் பட்டியலாகவே வெளியிடுகிறது, வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள். ராத்திரி படிக்கும் மற்றதெல்லாம் வதந்தியின் மறுபதிப்பு.

ராத்திரிக்கு வேறு வாசிப்பு வேண்டுமே, அதற்கு நூலகம். லீஸ் காகிதத்தைக் காட்டினால் ஊர் நூலக அட்டை இலவசம். எடிசன் நூலகத்தில் இல்லாத புத்தகத்தைப் பக்கத்து ஊர்களிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். லிபி செயலியில் அதே அட்டையைப் போட்டால் மின்னூல், ஒலிநூல். ரெஸ்யூமே அச்சடிக்கலாம், அமைதியான அறையில் உட்கார்ந்து போன் இன்டர்வியூவும் கொடுக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய் உட்காரும் பழக்கம் இருந்தவருக்கு இந்த இடம் உடனே பிடித்துவிடும். தமிழ்தான் குறை. அதற்கு 1998இலிருந்து தமிழ் நூல்களை மின்னூலாக்கித் தரும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் அங்கே சட்டப்படியே இலவசம்.

புத்தகப் பெட்டிகளுக்கு வருகிறேன். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. 300 பக்கப் புத்தகம் 350 கிராம் என்றால் ஒரு பெட்டியில் 65 புத்தகம் வரும், வந்த வழியே திரும்பவும் போக வேண்டியிருக்கலாம். இங்கே அவற்றை விற்கவும் முடியாது, குப்பையில் போட மனமும் வராது. நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கி இன்னும் பிரிக்காத நாலைந்தை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள், மின்னூலாகக் கிடைக்காதவையாகப் பார்த்து. மற்றவை நங்கநல்லூர் வீட்டுப் பரண்மேலேயே இருக்கட்டும், ஐப்பசி மழைக்கு முன்னால் அப்பாவிடம் சொல்லி பிளாஸ்டிக் உறையில் போட்டு, நாலு வேப்பிலையும் உள்ளே போடச் சொல்லுங்கள். மிச்சமாகும் இடத்தில் கேஸ்கெட், அனுபவக் கடிதங்களின் அசல், மஞ்சப்பை, அம்மா அரைத்துத் தரும் சாம்பார் பொடி.